அஞ்சு அங்பாவ் கவருல பினாங்கு

கெளம்புறதுக்கு முந்துன ராத்திரி

இந்தியாவுல இருக்கிற சொந்தக்காரங்க கோடை லீவுக்கு எங்க போறீங்கன்னு கேக்குறாங்க, நமக்கு ஏது கோடை, வருஷம் பூரா கோடைதான். ஆனா ஸ்கூல் லீவு விட்டுட்டா வீட்டுக்குள்ள ரெண்டு வாண்ட வச்சிக்கிட்டு நாள ஓட்டுறது இருக்கே, அது எல்லா ஊருலயும் ஒண்ணுதான். பெரியவளுக்கு ஆறு வயசு, சின்னவனுக்கு மூணு. போன லீவுக்கு கேஎல்லயே, அதான் கோலாலம்பூர்லயே ஒப்பேத்திட்டோம், கேஎல்சிசி பார்க்குல பிள்ளைங்க எறங்கி ஆடுற தண்ணி எடம் ஒண்ணு இருக்கு, காசு கிடையாது, அதுக்கே நாலு தடவ போயாச்சி. இந்த தடவ பினாங்கு.

ரயில் டிக்கெட்டும் ரூமும் முன்னாடியே கட்டியாச்சி. மிச்ச செலவுக்கு ஒரு நாளைக்கு 120 வெள்ளி, அதான் ரிங்கிட், அதுக்கு மேல ஒரு காசு கிடையாதுன்னு நான் சொன்னதுக்கு வீட்டுக்காரர் சிரிக்கிறாரு. தீபாவளிக்கு பிள்ளைங்களுக்கு காசு வச்சிக் குடுக்க வாங்குன அங்பாவ் கவரு மயில் படம் போட்டது மிச்சம் கெடந்துச்சி, அதுல அஞ்ச எடுத்து காச வச்சி மேல திங்கள் செவ்வாய்னு எழுதி ஒட்டிட்டேன். அத்தை அதப் பாத்துட்டு எனக்கு ஒண்ணும் இல்லயாங்குறாங்க. மூணு பெரியவங்க ரெண்டு சின்னதுங்க, 120ல சமாளிக்க முடியுமான்னு பாப்போம்.

பெரியவ நீச்சல் உடுப்ப போட்டுக்கிட்டே தூங்குறா. ரூம் புக் பண்ணப்ப அந்த அடுக்குமாடியோட சுவிம்மிங் பூல் படத்த அவகிட்ட காட்டுனது என் தப்பு.

முதல் நாள், திங்கள்

எங்க பழைய கார நம்பி அவ்வளவு தூரம் போக முடியாது, அதான் ரயிலு. கேஎல் சென்ட்ரல்ல ஏறுனா பட்டர்வொர்த் நாலு மணி நேரம். புளிச்சோறு, அவிச்ச முட்டை, வெள்ளரிக்கா எல்லாம் டப்பாவுல கட்டியாச்சி, அதனால ரயில்ல செலவு சுத்தமா இல்ல. சின்னவன் ஈப்போ வரைக்கும் வந்துருச்சா வந்துருச்சான்னு கேட்டு உயிர எடுத்தான். பிள்ளைங்களோட இந்த பக்கம் வர்றவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், கோல கங்சார் வரைக்கும் போனு கீனு குடுத்து ஓட்டிருங்க, அதுக்கப்புறம் போன புடுங்கி பைக்குள்ள வச்சிருங்க. அங்கருந்துதான் விசேஷமே. முதல்ல ஒரு சொரங்கம் வரும், மூணு கிலோமீட்டருக்கு மேல, திடீர்னு ஜன்னல் பூரா கருப்பாகி அவனவன் மூஞ்சி அவனவனுக்குத் தெரியும், சின்னவன் என் மடியில ஏறிட்டான். அப்புறம் தைப்பிங் தாண்டி கொஞ்ச நேரத்துல புக்கிட் மேரா ஏரி. ரயிலு ஏரி மேலயே போகுது, இந்த பக்கமும் தண்ணி அந்த பக்கமும் தண்ணி. பெரியவ சத்தமா “அம்மா ரயிலு கப்பலாயிருச்சி”ன்னா, முன்னால உக்காந்திருந்த மலாய்க்காரப் பாட்டி திரும்பிப் பாத்து சிரிச்சாங்க, தமிழ் புரிஞ்சிதோ என்னவோ.

பட்டர்வொர்த்துல எறங்குனா பினாங்கு சென்ட்ரல், 2018ல தொறந்தது, ரயிலு பஸ்ஸு பெர்ரி எல்லாம் ஒரே எடத்துல. லக்கேஜோட நடக்கிறதுக்கு கொஞ்சம் தூரம்தான் ஆனா மேல கூரை இருக்கு. அத்தை பொறந்தது இந்தப் பக்கத்துத் தோட்டத்துலதான், அவங்க வாயில பட்டர்வொர்த்னு வராது, பாகான்தான். சின்ன வயசுல தாத்தா கூட மஞ்ச கலரு பெர்ரியில வந்தது, கார் எல்லாம் உள்ள வரிசையா நிக்கும், அதுக்கு நடுவுல எண்ண வாடையும் கடல் வாடையும் சேந்து அடிக்கும்னு சொல்லிக்கிட்டே வந்தாங்க. இந்த பெர்ரி 1894ல இருந்து ஓடுது. அந்தப் பழைய பெரிய பெர்ரியில காரு ஏத்துறத 2020 கடைசியோட நிறுத்திட்டாங்க, இப்ப 2023ல விட்ட புது போட்டுங்க, ஏர்கோன் வச்சி ஆளுங்களையும் மோட்டார் சைக்கிளையும் மட்டும் ஏத்துறாங்க. பெரியவங்களுக்கு 2 வெள்ளி, காசா வாங்க மாட்டாங்க, கார்டுதான். நம்ம ஆளு கெத்தா டச் அண்ட் கோ கார்ட வச்சா அதுல இருக்கிறது 1 வெள்ளி 20 காசு. பின்னாடி நிக்கிற கூட்டம் பூரா எங்களத்தான் பாக்குது. மறுபடி வெளிய போயி கடையில ரீலோட் பண்ணிட்டு வர்றதுக்குள்ள ஒரு பெர்ரி போயிருச்சி, அத்தை பெட்டி மேல உக்காந்துக்கிட்டு “தாத்தா காலத்துல சில்லற குடுத்தா விட்டுருவான்”னு முணுமுணுக்குறாங்க.

ஆனா அந்த பெர்ரி இருக்கே, பிள்ளைங்களுக்கு இதவிட மலிவா ஒரு கப்பல் பயணம் எங்கயும் கெடைக்காது. பத்து பதினஞ்சு நிமிஷம்தான், ஜார்ஜ் டவுன் அப்படியே கிட்ட வருது, கொம்தார் கோபுரம் மொதல்ல தெரியும். வெளிய நிக்கிற எடத்துல காத்து அடிக்கிற அடிக்கு சின்னவன் வாயத் தொறந்து வச்சிக்கிட்டு காத்த தின்னான்.

எறங்குன எடத்துலயே கேட் பஸ்ஸு நிக்கும், டவுனுக்குள்ள சுத்துறது, இலவசம். பெட்டி இருந்ததால நாங்க கிராப் காரு எடுத்தோம். அடுக்குமாடிக்குப் போயி சாவி வாங்குன அடுத்த நிமிஷம் பெரியவ சுவிம்மிங் பூலுக்கு ஓடுறா. பாத்தா சுத்தி செவப்பு கயிறு கட்டி மூணு பாஷையில போர்டு தொங்குது, மூடப்பட்டுள்ளது. தண்ணி பாசி கலர்ல. ஜாகா, அதான் காவலுக்கு இருக்கிறவரு, ஒரு நேப்பாளிக்காரரு, பம்பு ரெப்பேரு, ரெண்டு வாரமாச்சிங்குறாரு. வீட்டுக்காரம்மாவுக்கு மெசேஜ் போட்டேன், சாரி டியர்னு ஒரு பதிலு, பக்கத்துல ஒரு பூ. ரெண்டு வாரமா மூடிக் கெடக்குறது தெரிஞ்சும் படத்த எடுக்கல பாருங்க. பெரியவ கயித்துக்கிட்ட உக்காந்து அழுதா, அத பாத்து என்னன்னே தெரியாம சின்னவனும் அழுதான்.

சாயங்காலம் பாடாங் கோத்தா. திடல் ஒரு பக்கம், வெள்ளையா சிட்டி ஹால் ஒரு பக்கம், முன்னால கடலு. ஓட விட்டோம், அவ்வளவுதான், வேற ஒண்ணும் செய்யல. சோப்பு முட்டை விக்கிறவன்கிட்ட 5 வெள்ளி போச்சி. மீ கோரேங், மைலோ ஐஸு. ரூமுக்கு வந்து கவர எண்ணிப் பாத்தா 26 வெள்ளி மிச்சம். வீட்டுக்காரர் இப்ப சிரிக்கல.

ரெண்டாம் நாள், செவ்வாய்

இன்னைக்கு நடந்தத எழுத நாலு நாள் வேணும்.

செவ்வாய்க்கிழம, அத்தைக்கு தண்ணிமல போயே ஆகணும். ஏழு மணிக்கெல்லாம் அருள்மிகு பாலதண்டாயுதபாணி கோயில் அடிவாரத்துல நிக்கிறோம். 513 படி. 2012ல கும்பாபிஷேகம் பண்ணுன கோயிலு, தைப்பூசத்துக்கு வந்தா மூச்சு விட முடியாது, இன்னைக்குப் பாத்தா எங்களத் தவிர ஜாகிங் போட்டுக்கிட்டு ஏறுற சீனத் தாத்தாங்க நாலு பேருதான். பெரியவ படிய எண்ணிக்கிட்டு வந்தா, 212ல ஒரு பூனை குறுக்க வந்துச்சி, எண்ணிக்க போச்சி, மறுபடி ஒண்ணுல இருந்து ஆரம்பிச்சா. மேல போயி அவ சொன்ன கணக்கு 340. அத்தை ஒரு தடவ கூட உக்காரல, நான்தான் மூணு எடத்துல ஷூ லேஸ் கட்டுற மாதிரி உக்காந்தேன், நான் போட்டிருந்தது சிலிப்பரு. சின்னவன அவரு தோள்ல தூக்கிட்டு வந்தாரு. மேல இருந்து பாத்தா ஊரும் கடலும் தெரியுது, காத்து சும்மா அள்ளுது, இதுக்கெல்லாம் டிக்கெட் போடாம வச்சிருக்காங்களேன்னு நெனச்சேன்.

அங்கருந்து பொட்டானிக் கார்டன் நடந்துரலாம். 1884ல சார்ல்ஸ் கர்ட்டிஸ்னு ஒரு வெள்ளக்காரரு பழைய கல்லுடைக்கிற எடத்துல உண்டாக்குனது. உள்ள போக காசு இல்ல. பிள்ளைங்கள கூட்டிக்கிட்டு போறவங்க தயவு செஞ்சி ஒம்பது மணிக்கு முந்தி போயிருங்க, அதுக்கப்புறம் வெயிலு மண்டையப் பொளக்கும்.

நொழையிற பக்கத்துலயே நாகலிங்க மரம். அத்தை பாத்ததும் செருப்ப கழட்டிட்டு நின்னுட்டாங்க. அந்த மரத்துல பூ கெளையில பூக்காது, அடிமரத்துலயே கயிறு கயிறா தொங்குற கொம்புல பூக்கும், ஆளு உயரத்துலயே இருக்கிறதால பிள்ளைங்க மூக்குக்கிட்ட வருது. கீழ விழுந்து கெடந்த ஒண்ண எடுத்து அத்தை உள்ளங்கையில வச்சி காட்டுனாங்க, பாரு இது லிங்கம், மேல கவுந்திருக்கிறது பாம்பு படம், சுத்தி சின்ன சின்னதா இருக்கிறது முனிவருங்கன்னு. பெரியவ கிட்டப் போயி பாத்துட்டு, பாட்டி இது வாயத் தொறந்த மாதிரி இருக்குங்குறா. பூ அப்படி ஒரு வாசன. ஆனா காயி இருக்கே, பீரங்கிக் குண்டு மாதிரி உருண்டையா பழுப்பா தொங்குது, ஒண்ணு கீழ விழுந்து ஒடஞ்சி கெடந்துச்சி, சின்னவன் போயி அத மோந்து பாத்துட்டு ஓடி வந்து என் துணியில மூக்க தொடச்சான், அந்த நாத்தம் ரூமுக்கு வர்ற வரைக்கும் எனக்குப் போகல. இவ்வளவு பக்தியா நாம கும்பிடுற மரம் தென்னமெரிக்காவுல இருந்து வந்தது, அத அத்தைகிட்ட நான் சொல்லல, சொல்லி எதுக்கு.

அப்புறம்தான் கொரங்கு. அங்க ரெண்டு சாதி இருக்கு. ஒண்ணு மரத்து மேலயே இருக்கிறது, கருப்பா, கண்ண சுத்தி வெள்ளையா கண்ணாடி போட்ட மாதிரி, வாத்தியார் மூஞ்சி, அது பாட்டுக்கு எலையத் தின்னுக்கிட்டு உக்காந்திருக்கும். அதோட குட்டி மட்டும் ஆரஞ்சு கலர்ல இருக்கு, நெசமாவே ஆரஞ்சு, அம்மா கருப்பு குட்டி ஆரஞ்சு, பெரியவளுக்கு அது ஏத்துக்கவே முடியல, அது வேற அம்மாவோட பிள்ளையான்னு கேட்டுக்கிட்டே இருந்தா. இன்னொண்ணு தரையில திரியிற நீள வாலு கொரங்கு, அது ரௌடி. சாப்பாடு குடுக்காதீங்கன்னு எங்க பாத்தாலும் போர்டு. நாங்க குடுக்கல, அதுவே எடுத்துக்கிச்சி. பசியாறக் கொண்டு போன பன்னு பிளாஸ்டிக் பையில சின்னவன் கையில இருந்துச்சி, சரக்குன்னு ஒரு சத்தம், ஒரே செகண்டு, அவன் கையில பையோட காது மட்டும் இருக்கு. அவன் அழுவான்னு பாத்தா அழல, கொரங்கு மரத்துல உக்காந்து கவரப் பிரிச்சி பன்ன மட்டும் தின்னுட்டு மிச்சத்த கீழ போட்டத அண்ணாந்து பாத்துட்டு, “அம்மா, அது அழகா சாப்புடுது”ன்னான். பிளாஸ்டிக் பைய கையில வச்சிக்காதீங்க, பையோட சத்தத்துக்குத்தான் அது வருது, முதுகுப் பையில போட்டு ஜிப்ப இழுத்துருங்க.

பக்கத்துலயே யூத் பார்க். அதுவும் இலவசம். ஊஞ்சலு, சறுக்கு, ஏறி விளையாடுறது, அதோட பிள்ளைங்க எறங்கி ஆடுற மாதிரி ஆழமில்லாத தண்ணி. நேத்து அழுத பிள்ள இதுதானான்னு கேக்குற மாதிரி பெரியவ ரெண்டு மணி நேரம் தண்ணிய விட்டு வரல. மாத்து உடுப்பு, துண்டு, பெரிய தண்ணி போத்தல், இது மூணும் இருந்தா அங்க ஒரு காச செலவு பண்ண தேவயில்ல. ஒரு சீன அக்கா தன் பிள்ளைக்கு வாங்கி வச்சிருந்த தர்பூசணிய எங்க ரெண்டுக்கும் சேத்து வெட்டிக் குடுத்தாங்க.

இது வரைக்கும் செலவு 31 வெள்ளி. மணி பதினொண்ணே முக்கா. இங்கதான் நான் கோட்ட விட்டேன்.

வெயிலு ஏறிருச்சி, ரூமுக்குப் போனா சுவிம்மிங் பூல பாத்து மறுபடி அழுக வரும், சரி ஏர்கோன்ல இருக்கட்டும்னு ஒரு பெரிய மால்ல நொழஞ்சோம். நொழையிறது இலவசம்தான். உள்ள பிள்ளைங்க விளையாடுற எடம், ரெண்டு பேருக்கும் டிக்கெட்டு. டிக்கெட்டு வாங்குனதுக்கப்புறம் சொல்றாங்க சாக்ஸு போடணும்னு, சாதா சாக்ஸு இல்ல, அடியில ரப்பரு வச்ச சாக்ஸு, அங்கதான் விக்கிறாங்க, கூடப் போற பெரியவங்களும் போடணும். அம்மாவும் பிள்ளைங்களும் சேந்து மூணு ஜோடி. வீட்டுல இதே மாதிரி ஆறு ஜோடி கெடக்கு. அப்புறம் சாப்பாடு, அப்புறம் ஐஸ்கிரீம், அப்புறம் ரெண்டு வெள்ளி போட்டா ஆடுற குதிர. நாலு மணிக்கு வெளிய வரும்போது கவரு காலி, புதன் கவரத் தொறந்து 40 வெள்ளி கடன் எடுத்திருக்கேன். அவரு ஒண்ணும் சொல்லல, அந்த ஒண்ணும் சொல்லாததுதான் எனக்கு ஆகல.

ராத்திரி படுத்துக்கிட்டு யோசிச்சேன். காலையில அஞ்சு மணி நேரம் 31 வெள்ளி, மத்தியானம் நாலு மணி நேரம் 129 வெள்ளி. நம்ம ஊருல பிள்ளைங்களோட வெளிய போனா டிக்கெட்டு காசு தின்னல, பன்னெண்டுல இருந்து நாலு வரைக்கும் இருக்கே அந்த வெயிலுதான் காசத் தின்னுது. பொழுது விடியிறதும் பொழுது சாயிறதும் ஓசி, நடுவுல இருக்கிறதுதான் வில. நாளைக்கு பாத்துக்கலாம்.

மூணாம் நாள், புதன்

கவருல இருக்கிறது 80.

ஏழர மணிக்கு ஆர்மீனியன் ஸ்ட்ரீட். சுவத்து படம் பாக்கப் போறவங்க இந்த நேரத்துக்குத்தான் போகணும், பத்து மணிக்குப் போனா அந்த சைக்கிள் படத்துக்கிட்ட போட்டோ எடுக்க வரிச நிக்கும். 2012ல எர்னஸ்ட் ஸகாரெவிச்சுனு லித்துவேனியாக்காரரு வரஞ்சது, பிள்ளைங்க ரெண்டும் சுவத்துல, சைக்கிளு மட்டும் நெசமான சைக்கிளு. வெயிலும் மழையும் பட்டு வெளுத்துப் போச்சி, ஆனா பிள்ளைங்களுக்கு அது ஒண்ணும் தெரியல. நேத்து ராத்திரியே பெரியவகிட்ட சொல்லிட்டேன், எத்தன படம் கண்டுபுடிக்கிறியோ அத்தன கல்லு பொறுக்கிப் பையில போட்டுக்கோன்னு. சந்து சந்தா அவதான் எங்கள இழுத்துட்டுப் போனா. கம்பிய வளச்சி செஞ்ச கேலிப் படமும் தெருவுக்குத் தெரு இருக்கு, அதுக்கும் கல்லு. ஒம்போது மணிக்குள்ள 17 கல்லு.

சியூ ஜெட்டி. கடலுக்கு மேல காலு நட்டு மரப் பலகையில கட்டுன வீடுங்க, ஒரே சீனக் குடும்பப் பேருக்காரங்க தலமுற தலமுறயா இருக்காங்க. வீட்டுக்குள்ள எட்டிப் பாத்து போட்டோ எடுக்காதீங்க, அவங்க குடியிருக்கிற எடம் அது. பலகைக்கு நடுவுல தண்ணி தெரியிறத சின்னவன் குனிஞ்சி பாத்துக்கிட்டே போனான், ஓரத்துல கால ஆட்டுனான், ஒரு சிலிப்பரு கடல்ல. செவப்பு சிலிப்பரு, மெதந்துக்கிட்டே நகருது. அவன் ஊரக் கூட்டிட்டான். ஒரு சீனத் தாத்தா, மேல் சட்ட இல்லாம காலண்டரு பாத்துக்கிட்டிருந்தவரு, “தா ஆப்பா, தா ஆப்பா”ன்னு, மலாயில பரவால்லன்னு அர்த்தம், சொல்லிக்கிட்டே உள்ள போயி நீளமா ஒரு மூங்கி, நுனியில வல கட்டுனது, எடுத்துட்டு வந்தாரு. மூணு தடவ தப்பிச்சி. நாலாவது தடவ சிலிப்பரு வலையில, கூடவே ஒரு பிளாஸ்டிக் ஸ்ட்ரா. தண்ணிய ஒதறி சின்னவன் காலுக்கு அவரே மாட்டி விட்டாரு. அத்தை கையெடுத்து கும்பிட்டாங்க, அவரும் பதிலுக்கு கும்பிட்டாரு. எங்ககிட்ட இருந்த முறுக்கு பாக்கெட்ட குடுத்துட்டு வந்தோம்.

லிட்டில் இந்தியா பக்கம் வந்து பசியாறுனோம், பெரிய தோச, ரெண்டு பிள்ளைக்கும் ஒண்ணு போதும். குவீன் ஸ்ட்ரீட் மகா மாரியம்மன் கோயிலு, 1833ல கட்டுனது, கோபுரத்துல எத்தன சாமின்னு பெரியவ எண்ண ஆரம்பிச்சா, நேத்து படி எண்ணுன அனுபவத்துல பாதியில விட்டுட்டா. மார்க்கெட் ஸ்ட்ரீட்ட பெரியவங்க கடைத்தெருன்னுதான் சொல்லுவாங்க, அங்க ஒவ்வொரு கடையிலயும் வேற வேற பாட்டு, எல்லாம் ஒரே நேரத்துல, சின்னவன் ரோட்டுலயே ஆடுனான்.

பன்னெண்டு அடிச்சிது, கேட் பஸ்ஸுல ஏறி நேரா ரூம். ஓசி. ஜன்னலுக்குத் துணி கட்டி, தரையில பாய் விரிச்சி, தாப்பாவ் பண்ணுன, அதான் பொட்டலம் கட்டி வாங்குன சோத்த சாப்புட்டு ரெண்டும் தூங்குச்சி. முழிச்சதும் அத்தை அந்த 17 கல்லுல நல்லதா அஞ்ச எடுத்து அஞ்சாங்கல் ஆடிக் காட்டுனாங்க, அவரு இது பத்து செரெம்பான்ங்குறாரு, அத்தை அவன் சொல்றத கேக்காதன்னு பேத்திகிட்ட சொல்றாங்க. நாலு மணிக்கு மழ. அப்படி ஒரு மழ. வெளிய போக முடியல, போகவும் தோணல. அத்தை அறுபத்தாறு வயசுல ஒரு கல்ல மேல போட்டுட்டு நாலையும் ஒரே வாரா வாருனாங்க, நானும் அவரும் வாயப் பொளந்துக்கிட்டு உக்காந்திருந்தோம். எனக்கு மூணுக்கு மேல வரல.

செலவு 58.

நாலாம் நாள், வியாழன்

அண்ணி வாட்ஸ்அப்ல கேட்டாங்க, எஸ்கேப் போகலயான்னு. தெலுக் பஹாங்ல இருக்கு, 1,111 மீட்டர் தண்ணி சறுக்கு எல்லாம் வச்சி கின்னஸ்ல போட்ட எடம். அண்ணி, அதுல எறங்க எங்க ரெண்டுக்கும் உயரம் பத்தாது, டிக்கெட்டு காசுக்கு எங்க கவரும் பத்தாது. பத்து வயசுக்கு மேல ஆகட்டும், வரலாம்.

இன்னைக்கு கொடிமல ஏறலாம்னு 204 நம்பர் பஸ்ஸப் புடிச்சோம். பினாங்கு பஸ்ஸுல சில்லற திருப்பித் தர மாட்டாங்க, சரியா எண்ணிக் குடுக்கணும், பத்து வெள்ளி நோட்ட நீட்டிட்டு முழிக்காதீங்க. போனா, ஸ்டேஷன்ல இருந்து வரிச வெளிய ரோடு வரைக்கும் நிக்குது. மேல ஏறுற ரயிலு ஒரு நடைக்கு நூறு பேர ஏத்தும், பத்து நிமிஷத்துக்குள்ள மேல போயிரும், ஆனா ஸ்கூல் லீவுக்கு மலேசியாவே அங்க நிக்குது. மூணு வயசுப் பையன வச்சிக்கிட்டு ரெண்டு மணி நேரம் நிக்க முடியாதுன்னு நான், இவ்வளவு தூரம் வந்துட்டு திரும்புறதான்னு அவரு. பெரியவ மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டா. கடைசியில அத்தைதான் தீத்து வச்சாங்க, மல எங்கயும் ஓடிறாது, 1923ல இருந்து அங்கதான் ரயிலு ஓடுது, அடுத்த தடவ ஓடாதான்னு. கொடிமலைக்கு போறவங்க மொத ரயிலுக்கே போயிருங்க, இல்லன்னா லீவு இல்லாத நாள்ல போங்க, நாங்க செஞ்ச மாதிரி பத்து மணிக்குப் போயி நிக்காதீங்க.

பக்கத்துலயே கெக் லோக் சி. சீனக் கோயிலு, மல மேல குவான் யின் அம்மனுக்கு 30 மீட்டர் உயரத்துல வெங்கலச் சில. நாங்க அவ்வளவு தூரம் ஏறவே இல்ல, ஆமக் கொளத்துலயே நின்னுட்டோம். கடைக்காரம்மாகிட்ட கங்கோங் கீர ஒரு கட்டு வாங்கி கம்பியில குத்தி நீட்டுனா ஆம ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிட்டு வருது. கெழட்டு ஆம ஒண்ணு, முதுகு பூரா பாசி, அடியில மாட்டிக்கிட்டு அதுக்கு மட்டும் கீர எட்டவே மாட்டேங்குது. பெரியவ பிடிவாதமா அதுக்குத்தான் குடுப்பேன்னு அர மணி நேரம், மத்தது வந்து புடுங்கும்போதெல்லாம் “வரிசயில வா”ன்னு அதட்டுறா, காலையில கேட்ட வார்த்த. கடைசியில அது ஒரு கடி கடிச்சிது. கூட்டமே கை தட்டுச்சி.

கீழ எறங்கி ஆய்ர் ஈத்தாம்ல அவருக்கும் எனக்கும் அசாம் லக்சா, புளிப்பும் மீனும் நாக்க உருவுது. பிள்ளைங்களுக்கு சோறும் முட்டையும். பன்னெண்டர மணிக்கு ரூம், பாயி, தூக்கம், அஞ்சாங்கல். பழகிருச்சி.

அஞ்சு மணிக்கு 101 பஸ்ஸு ஏறி பத்து பிரிங்கி பீச்சு. அந்த ரோடு கடல ஒட்டி வளஞ்சி வளஞ்சி போகும், சின்னவன் கடைசி வளைவுல வாந்தி எடுத்துட்டான், முன்யோசனையா பிளாஸ்டிக் பை வச்சிருந்தேன், கொரங்கு சொல்லிக் குடுத்த பாடம், பை முதுகுப் பைக்குள்ளதான் இருந்துச்சி. கடல்ல எறங்கலாம்னு பாத்தா கரையில கோழிக்குஞ்சு அளவுக்கு ஜெல்லிமீனு ஒண்ணு ஒதுங்கிக் கெடக்கு, படகு வாடகைக்கு விடுற பையன் பிள்ளைங்கள தண்ணியில விடாதீங்கக்கான்னு தமிழ்லயே சொன்னான். பெரியவ என்னப் பாத்தா. நீச்சல் உடுப்பு உள்ள போட்டிருக்கா. நாலு நாளா போட்டிருக்கா. ஒண்ணும் பேசல, உக்காந்து மண்ண தோண்ட ஆரம்பிச்சா, மைலோ டின்னுல தண்ணி மொண்டு வந்து நான் ஊத்துனேன், கொஞ்ச நேரத்துல இடுப்பு வரைக்கும் குழி, அதுக்குள்ள எறங்கி உக்காந்துக்கிட்டு, “இது என் சுவிம்மிங் பூலு, காசு குடுத்தாதான் விடுவேன்”னா. அப்பாகிட்ட 50 காசு வாங்குனா. பாட்டிக்கு இலவசம். சூரியன் எறங்குற வரைக்கும் அந்தக் குழிதான்.

கவருல 41 மிச்சம், ரெண்டாம் நாள் கடன தீத்தாச்சி.

அஞ்சாம் நாள், வெள்ளி

ரயிலு ஒரு மணிக்கு மேல. பத்து மணிக்கு பெட்டியெல்லாம் கீழ எறக்கி கிராப்புக்கு நிக்கிறோம். செவப்பு கயித்த காணோம்.

பூல் தண்ணி நீலமா பளபளன்னு இருக்கு, ஜாகா கயித்த சுருட்டிக்கிட்டு நிக்கிறாரு, நேத்து ராத்திரி பம்பு வந்துருச்சி ஆன்ட்டி, பதினோரு மணிக்கு தொறக்கிறோம்ங்குறாரு. அவருகிட்ட கோவப்பட்டு என்ன ஆகப் போகுது. நான் பெரியவள பாக்காம கிராப்பு எங்க வருதுன்னு போனயே பாத்துக்கிட்டிருந்தேன். அழுக வரும்னு எதிர்பாத்தேன். அவ போயி வெளிம்புல குந்தி, கைய விட்டு கலக்கிப் பாத்துட்டு வந்தா.

“மருந்து வாட அடிக்குதும்மா, என் சுவிம்மிங் பூலுதான் நல்லாருந்துச்சி”ன்னா.

சின்னவன் மட்டும் ஒரு சிலிப்பர கழட்டி உள்ள வீசிட்டான். அது மெதக்குது. ஜாகா வலக் கம்பு எடுக்க ஓடுறாரு, கிராப்பு வந்து ஹோர்ன் அடிக்குது, இவன் தண்ணியப் பாத்துக்கிட்டு நிதானமா நிக்கிறான், “தா ஆப்பா, தா ஆப்பா.”